சேலைனுக்கு அலர்ஜியா? ஊசி ஏறியதும் கடி (அரிப்பு), சிவப்பு வந்தால் செய்ய வேண்டியதும் எழுத வேண்டியதும்

அந்த அம்மாவின் கிளினிக் கொப்பி மட்டையில் நீலப் பேனையால் பெரிதாக எழுதியிருந்தது: "சேலைனுக்கு அலர்ஜி". கீழே இரண்டு தரம் கோடும் இழுத்திருந்தார்கள்.

சேலைன் உப்புத் தண்ணீர்தானே. நம்முடைய இரத்தத்தில் ஓடுகிற அதே உப்பு. அதற்கு அலர்ஜி என்றால் அந்த அம்மா ஒரு தரம் அழுதாலே கன்னம் தடிக்க வேண்டும். ஆனால் அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. படுவான்கரையிலிருந்து ஓட்டோவில் கொண்டு வந்திருந்தார்கள், காலையிலிருந்து வயிற்றோட்டம், நாக்கு காய்ந்து, பிரஷர் இறங்கிப் போயிருந்தது, உடனே சேலைன் ஏற்ற வேண்டிய நிலை. புதிதாக வந்த டொக்டர் பிள்ளை மட்டையைப் பார்த்துவிட்டுக் கை வைக்கத் தயங்கிக்கொண்டு நின்றது.

நான் மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னர் வேறொரு வைத்தியசாலையில் சிறுநீரகத் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளொக்ஸசின் போத்தல் ஏற்றியிருக்கிறார்கள். "பார்க்கிற நேரம் முடியப் போகுது எண்டு நான்தான் மிஸ் வயரில இருக்கிற அந்தச் சில்லைக் கொஞ்சம் திறந்து விட்டன். கெதியா முடியட்டும் எண்டு." பத்து நிமிடத்துக்குள் அம்மாவின் கழுத்தும் நெஞ்சும் சிவந்து, உள்ளங்கை கடித்து, ஓங்காளம் வந்திருக்கிறது. நிறுத்தினார்கள், அலர்ஜிக்குப் போடும் பிரிட்டோன் ஊசி போட்டார்கள், ஒரு மணிநேரத்தில் சரி. யாரோ "அலர்ஜி" என்றார்கள். வீட்டில் அது "சேலைன் ஏத்தினாப் பிறகு வந்த அலர்ஜி" ஆனது. அடுத்த கிளினிக்கில் மட்டைக்கே ஏறிவிட்டது.

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கத்து வாட்டுகளிலும் இருபது வருஷத்துக்கு மேல் தாதியாக நின்ற எனக்கு இப்படி எத்தனையோ கொப்பிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன். நோயாளிக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும், புதிதாக வாட்டுக்கு வரும் தாதிப் பிள்ளைகளுக்கும். மருந்தை மாற்றுவதும் திரும்பக் கொடுப்பதும் டொக்டரின் வேலை, அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் டொக்டர் சரியாக முடிவெடுக்கத் தேவையான தகவல் உங்களிடம்தான் இருக்கும்.

முதலில், இப்போதே ஒருவருக்கு நடந்துகொண்டிருந்தால்

விளக்கமெல்லாம் பிறகு. ஊசி போட்டு அல்லது போத்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது கடி, சிவப்பு, தடிப்பு, முகம் உதடு வீக்கம், குரல் கரகரப்பு, இழுப்பு, தலைசுற்று, வாந்தி, "எனக்கு என்னவோ செய்யுது" என்ற பயம், இதில் எது வந்தாலும் உடனே மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். சத்தமாக. "மிஸ் வேலையாக நிற்கிறா, பாவம்" என்று காத்திருக்கிற நம்முடைய மரியாதையை அந்த நேரம் மூட்டை கட்டி வையுங்கள். வாட்டில் நிற்பவர்கள் செய்வது: போத்தலை நிறுத்துவது, கனுலாவை (நாளத்துக்குள் குத்தி வைத்திருக்கும் சின்னக் குழாய்) கழற்றாமல் அப்படியே விடுவது (வேறு மருந்து ஏற்ற அதே வழிதான் வேண்டும்), ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துவது. மூச்சு முட்டினால் சாய்ந்து இருக்கலாம், கர்ப்பிணி இடது பக்கம் சரிந்து படுக்க வேண்டும். எழுப்பி நிறுத்தவோ கழிப்பறைக்கு நடத்திக்கொண்டு போகவோ கூடாது. பிரஷர் விழுந்திருக்கும் ஆளைத் திடீரென்று நிமிர்த்தினால் அந்த இடத்திலேயே இதயம் நின்றுவிடலாம்.

மூச்சு, தொண்டை, பிரஷர் இந்த மூன்றில் ஒன்று பாதித்தாலும் மருந்து அட்ரினலின்தான். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். சரிவராவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும். பிரிட்டோனும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் கூடவே வரலாம், ஆனால் உயிரைப் பிடித்து வைப்பது அவை அல்ல. பிரிட்டோன் கடியைக் குறைக்கும், விழுந்த பிரஷரைத் தூக்காது. நம் பக்கத்தில் இன்னமும் பிரிட்டோனைப் போட்டுவிட்டு "பார்ப்போம்" என்று நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் கோபமே உண்டு.

நோயாளி பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனொலோல், புரொப்ரனொலோல் மாதிரிக் குளிசை எடுப்பவர் என்றால் அதையும் உடனே சொல்லுங்கள். அவை அட்ரினலினை வேலை செய்ய விடாமல் தடுக்கும், டொக்டர் வேறு வழி யோசிக்க வேண்டி வரும்.

வீட்டுக்குப் போன பிறகு வந்தால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்திக்கொண்டு வருவதைக் கண்டிருக்கிறேன். மேலே சொன்ன காரணத்தால்தான் அது ஆபத்து: ஆள் நிமிர்ந்தே இருக்கிறார்.

இந்த நேரத்தில் "இது உண்மையான அலர்ஜியா, அலர்ஜி மாதிரியா" என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் அவசர வைத்தியம் ஒன்றுதான். வித்தியாசம் நாளைக்கு வேண்டும்.

படலையும் வேலிப் பொட்டும்

தோலுக்கு அடியிலும், மூச்சுக்குழாய், குடல் ஓரங்களிலும் மாஸ்ட் கலங்கள் என்று ஒரு வகைக் கலங்கள் இருக்கின்றன. பெயர் ஜேர்மன் மொழியில் இருந்து வந்தது. 1878இல் போல் ஏர்லிக் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது அவை வயிறு முட்டத் தின்றது போல உள்ளே குறுணி குறுணியாக நிறைந்திருந்தனவாம், அதனால் கொழுத்த கலம் என்ற மாதிரிப் பெயர். அந்தக் குறுணிகளுக்குள்தான் ஹிஸ்டமின் இருக்கிறது. வெளியே கொட்டினால் கடி, சிவப்பு, வீக்கம். கூடக் கொட்டினால் பிரஷர் விழும்.

கொட்ட வைப்பதற்குக் குறைந்தது இரண்டு வழி உண்டு.

ஒன்று படலை வழி. வளவுப் படலையில் ஒரு நாய் கட்டியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு முகத்தை ஒரு தரம் கண்டு பகைத்துவிட்டால் அந்த முகத்தை அது மறக்காது, அடுத்த தரம் அந்த ஆள் விரலை மட்டும் படலைக்குள் நீட்டினாலும் பாயும், மற்றவர் யார் வந்தாலும் சும்மா கிடக்கும். ஐ.ஜி.ஈ. என்ற நோயெதிர்ப்புப் புரதம் செய்வது இதைத்தான். முதலில் அறிமுகம் வேண்டும், பிறகு பகை, பிறகு மிகச் சிறிய அளவே போதும். பென்சிலினுக்கு வரும் உண்மையான அலர்ஜி இந்த வகை.

மற்றது வேலிப் பொட்டு, வேலியில் விழுந்த ஓட்டை. நாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்றிரண்டு கோழி அதால் வந்து போனால் வீட்டுக்காரருக்குத் தெரியவும் வராது. ஒரு மந்தை ஆடு ஒரே நேரத்தில் அதே பொட்டால் புகுந்தால் பயிற்றங்கொடியும் போகும், கீரைப்பாத்தியும் போகும். முன்பகை தேவையில்லை. எத்தனை ஆடு, எவ்வளவு வேகமாக, அதுதான் கணக்கு.

இந்தப் பொட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது, வாகன இலக்கத்தகடு மாதிரி: எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்.2. மாஸ்ட் கலத்தின் மேலே இருக்கும் ஒரு வாங்கி, சில பொருட்கள் வந்து ஒட்டிக் கலத்தைத் தட்டுகிற இடம். 2015இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு எலியில் இதற்குச் சமமான வாங்கியைக் கண்டுபிடித்து, அது இல்லாத எலிகளுக்குச் சிப்ரோஃப்ளொக்ஸசின் மாதிரி மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. வீக்கம் பெரிதாக வரவில்லை. "முதல் தரம் போட்ட ஊசிக்கே எப்படி அலர்ஜி வரும்?" என்று வாட்டில் நாங்கள் தலையைச் சொறிந்த பழைய கேள்விக்கு அதில்தான் ஒரு உருப்படியான பதில் கிடைத்தது. குளவி கொட்டும் விஷத்தில் உள்ள மாஸ்டோபரன் என்ற பொருளும் இதே வாங்கியைத்தான் தட்டுகிறது. அப்படியென்றால் இந்தப் பொட்டு மருந்துக்காக வந்ததல்ல. ஊசி மருந்துகள் பிறகு வந்து அதற்குள் நுழைந்துகொண்டன.

ஒரு எச்சரிக்கை. எலியும் மனிதனும் ஒன்றல்ல. ஒப்பரேஷனில் தசையைத் தளர்த்தப் போடும் றொக்குரோனியம் எலியின் வாங்கியைச் சுலபமாகத் தட்டுகிறது, மனித வாங்கியைத் தட்டுவதற்கு அதைவிடப் பல மடங்கு கூடிய அளவு வேண்டும். அதனால் "றொக்குரோனியம்தானே, பொட்டு வழியாக வந்திருக்கும், பயமில்லை" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அந்த மருந்துக்கு ஐ.ஜி.ஈ. வழியான உண்மையான அலர்ஜியும் உண்டு. அதுவும் சில வேளை முதல் ஊசியிலேயே வரும், ஏனென்றால் நாய் அதே முகச்சாயலை வேறெங்கோ கண்டிருக்கும். ஃபொல்கோடின் என்ற இருமல் மருந்து அப்படி ஒன்று. அதைக் குடித்தவர்களுக்குப் பிறகு ஒப்பரேஷன் மேசையில் ஆபத்து வருகிறது என்று 2023இல் பிரித்தானியா அதைக் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டது.

எந்த மருந்தில் கண் வைக்க வேண்டும்

சிப்ரோஃப்ளொக்ஸசினும் அதன் இனத்து லெவோஃப்ளொக்ஸசின் முதலானவையும். வன்கோமைசின். மொர்பின். ஒப்பரேஷன் தியேட்டரில் அட்ரகியூரியம், மிவகியூரியம். பரம்பரை வீக்க நோய்க்குப் போடும் இக்கட்டிபன்ட் ஊசி, போட்ட இடத்தில் ஏறத்தாழ எல்லோருக்குமே சிவந்து தடிக்கும். இவை பொட்டைத் தட்டக்கூடியவை என்று நன்றாகத் தெரிந்தவை.

இதில் வன்கோமைசின் நல்ல பாடம். வேகமாக ஓடினால் முகமும் கழுத்தும் மேல் நெஞ்சும் நெருப்பு மாதிரிச் சிவக்கும், தலையெல்லாம் கடிக்கும். மருந்தின் வேகம் நிமிடத்துக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி, அப்படியென்றால் ஒரு கிராமுக்கு 100 நிமிடம். 200 மில்லிலீற்றரில் கலந்திருந்தால் நிமிடத்துக்கு 2 மில்லிலீற்றர். பெரியவர்களுக்குப் போடும் சாதாரண செட்டில் 20 துளி ஒரு மில்லிலீற்றர், ஆகவே நிமிடத்துக்கு 40 துளி. பிள்ளைகளே, கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கால் நிமிடத்துக்கு 10 துளி எண்ணுங்கள், அவ்வளவுதான். எண்ணி வைத்துவிட்டுப் போனாலும் நோயாளி கையை மடக்கி நீட்டும்போது வேகம் மாறும், பத்து நிமிடத்தில் ஒரு தரம் வந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. வயரில் இருக்கும் அந்தச் சின்னச் சில்லைத் தொடாதீர்கள். பஸ் போகட்டும். வெறும் சேலைன் என்று நினைத்துத் திறக்கிற போத்தலுக்குள் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த மகள் கொஞ்ச நேரம் மிச்சம் பிடிக்கப் போனதால் வந்ததுதான் மூன்று வருஷக் குழப்பம்.

மொர்பின் இன்னொரு கதை. நாளத்தில் போடும்போது கனுலாவிலிருந்து மேலே நாளத்தை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு ஏறி, அந்தக் கோட்டில் மட்டும் தடித்துக் கடித்தால், அது அந்த இடத்து மாஸ்ட் கலங்கள் கொட்டியதுதான், கொஞ்ச நேரத்தில் மறையும். நன்றாகக் கலக்கி மெதுவாகப் போட்டால் குறையும். ஆனால் சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியில் மொர்பின் சேர்த்திருந்தால் தாய்மார் மூக்கையும் முகத்தையும் விடாமல் சொறிவார்கள், தடிப்பு ஒன்றும் இருக்காது. அது மாஸ்ட் கலத்தின் வேலை இல்லை, நரம்புக்குள்ளேயே நடப்பது. அதனால் பிரிட்டோன் போட்டாலும் பெரிதாகக் கேட்காது, ஆளைத் தூக்கம் மட்டும் பிடிக்கும். இதையும் "மொர்பின் அலர்ஜி" என்று எழுதி விடுகிறார்கள்.

படலையும் இல்லாமல் பொட்டும் இல்லாமல் மூன்றாவது வழியும் உண்டு. டைக்ளோஃபெனக் ஊசிக்குத் தடிப்பும் இழுப்பும் வருபவர்களில் பலருக்கு அஸ்பிரினுக்கும் இபுப்ரோஃபெனுக்கும் அதே வரும், ஏனென்றால் அங்கே பிரச்சினை அந்த மருந்துக் குடும்பம் முழுக்கச் செய்யும் வேலையில்தான். மெதுவாகப் போட்டாலும் பயனில்லை. "நாரி உளைவுக்கு ஒரு ஊசி போட்டு விடுங்க டொக்டர்" என்று தனியார் டிஸ்பென்சரியில் கேட்டு வாங்குகிற ஊசி பெரும்பாலும் இதுதான், தெரிந்து வைத்திருங்கள்.

டெஸ்ட் போட்டுப் பார்த்தால் போதாதா?

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது இது. "மிஸ், டெஸ்ட் போட்டுப் பார்த்தனீங்களா?" பென்சிலின் காலத்திலிருந்து வந்த பழக்கம். பொட்டு வழி மருந்துக்கு இது இரண்டு பக்கமும் ஏமாற்றும். ஒரு சொட்டைக் கொடுத்துப் பார்த்தால் ஒன்றும் வராது, ஒரு கோழிதானே போனது. முழு அளவு வேகமாக ஓடும்போதுதான் வரும். மறுபக்கம், சிப்ரோவைத் தோலுக்குள் குத்திப் பார்த்தால் எந்த அலர்ஜியும் இல்லாத சுகமான ஆளுக்கே சிவந்து தடிக்கும், ஏனென்றால் குத்திய இடத்தில் செறிவு கூட, தோல் மாஸ்ட் கலங்களில் இந்த வாங்கியும் தாராளமாக இருக்கிறது. இல்லாத அலர்ஜி அப்படியே கொப்பியில் ஏறும். தோல் சோதனை வேண்டுமென்றால் அதற்கென்று படித்தவர்கள், எந்த மருந்துக்கு எவ்வளவு ஐதாக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள், நிதானமாகச் செய்ய வேண்டும். வாட்டில் அவசரமாக ஒரு ஊசி நுனியால் செய்வது அல்ல.

பாம்புக்கடி மருந்துக்கும் இதே கேள்வி வரும். வயல் பக்கம் வேலை செய்கிறவர்கள் கூடிய இடம் நம்முடையது, கண்ணாடிப் புடையன் கடித்து வருபவர்கள் குறையவே இல்லை. அந்த மருந்து குதிரை இரத்தத்திலிருந்து இந்தியாவில் செய்து வருவது, ஒவ்வாமை வருவது மிகவும் சாதாரணம், அதை டெஸ்ட் போட்டு முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் முடியாது. 2011இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில் பாம்பு கடித்த 1007 பேரைப் பார்த்தார்கள். மருந்து தொடங்க முன் தோலுக்கடியில் சின்ன அளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை நன்றாகக் குறைந்தது, பிரிட்டோன் இனத்து புரோமெதசினும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் குறைக்கவில்லை. ஆகவே விஷமுறிவு மருந்துக்கு முன் அட்ரினலினோடு மிஸ் வந்தால் பயப்படாதீர்கள். "போன தரம் கடித்தபோது மருந்துக்கு அலர்ஜி வந்த" என்று கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் அதைச் சொல்லி மருந்தை மறுக்க வேண்டாம். அலர்ஜியைச் சமாளிக்க வழி இருக்கிறது, விஷத்துக்கு வேறு மருந்து இல்லை.

எதைக் கவனிக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும்

ஆள் சுதாரித்த பிறகு, அன்றைக்கே, மறக்க முதல் எழுதுங்கள். ஃபோனில் எழுதினாலும் பரவாயில்லை, பிறகு கொப்பிக்கு மாற்றலாம்.

மருந்தின் பெயர் முதலில். "வெள்ளைப் போத்தல்", "மஞ்சள் ஊசி" வேண்டாம், மிஸ்ஸிடம் கேட்டு வாங்குங்கள், கேட்பது உங்கள் உரிமை, நாங்கள் கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். அளவு. எந்த வழி: நாளமா, தசையா, வாயா. பிறகு நான் மிக முக்கியம் என்று நினைப்பதும் எந்த டயக்னோஸிஸ் காட்டிலும் (வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியசாலை தரும் அட்டை) இல்லாததும்: எவ்வளவு நேரத்தில் ஓடியது. அப்புறம், தொடங்கி எத்தனையாவது நிமிடம் முதல் அறிகுறி, அது எங்கே. சிவப்பு மட்டுமா, கொசு கடித்த மாதிரி மேலெழுந்த தடிப்பா, உதடு வீங்கியதா, மூச்சு, பிரஷர். என்ன கொடுத்தார்கள், அட்ரினலின் தேவைப்பட்டதா, எவ்வளவு நேரத்தில் சுகம். அதே நேரம் கூடப் போட்ட மற்ற மருந்துகள். கடைசியாக, இதே மருந்தை முன்பு எடுத்திருக்கிறாரா, பிறகு எடுத்தாரா, என்ன நடந்தது. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆச்சரியமான பதில்கள் வரும். "அமொக்ஸிலின் அலர்ஜி" என்று கொப்பியில் இருக்கும், போன மாதம் டிஸ்பென்சரியில் அதே அமொக்ஸிலினை ஐந்து நாள் குடித்து முடித்திருப்பார். பென்சிலின் அலர்ஜி என்று முத்திரை விழுந்தவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது என்று "ஊசி அலர்ஜி" எழுதியவர்களும் உண்டு. அந்த மரப்பு மருந்தோடு பெரும்பாலும் அட்ரினலின் சேர்ந்திருக்கும், படபடப்பு அதனுடையது.

முடிந்தால் சிவந்த இடத்தைப் படம் எடுங்கள், ஒரு மணிநேரத்தில் மறைந்துவிடும், பிறகு யாருக்கும் காட்ட முடியாது. ஊசியைக் கண்ட பயத்தில் மயங்கி விழுவதும் உண்டு. அவர் வெளிறிப் போவார், குளிர்ந்து வேர்ப்பார், நாடி மெதுவாக அடிக்கும், தடிப்பும் கடியும் இருக்காது, படுக்க வைத்ததும் எழும்பிவிடுவார். அதை அலர்ஜி என்று எழுத வேண்டாம்.

ஒப்பரேஷன் மேசையில் நடந்திருந்தால் நீங்கள் ஒன்றும் கண்டிருக்க மாட்டீர்கள், சில நிமிடத்துக்குள் நாலைந்து மருந்து போயிருக்கும். அப்போது மயக்க மருந்து டொக்டரின் தாளின் பிரதி ஒன்றைக் கேளுங்கள், அதில் எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று இருக்கும். டயக்னோஸிஸ் காட்டில் "மயக்க மருந்து அலர்ஜி" என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பினால் அடுத்த டொக்டருக்கு அது ஒரு உதவியும் செய்யாது, பயத்தை மட்டும் கொடுக்கும்.

வாட்டுப் பிள்ளைகளுக்கு: டிரிப்டேஸ் (மாஸ்ட் கலம் கொட்டும்போது இரத்தத்தில் கூடும் ஒரு பொருள்) பார்க்க வசதி இருந்தால் இரத்தம் எடுக்கும் நேரத்தைத் தவற விடாதீர்கள். தொடங்கி ஒன்றிரண்டு மணிநேரத்தில் எடுப்பது நல்லது, நாலு மணிநேரத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு 24 மணிநேரம் கழித்து, சுகமான நிலையில் இன்னொன்று. முதலாவது தனியாக நின்றால் பாதிக் கதைதான். அதோடு, கூடியிருந்தால் மாஸ்ட் கலம் கொட்டியது என்று அர்த்தம், எந்த வழியால் என்று அது சொல்லாது.

தனியாகச் சொல்ல வேண்டியவர்கள்: ஆறு வாரத்துக்கு மேலாக அடிக்கடி தோல் தடித்துக் கடிக்கும் நோய் உள்ளவர்கள். இவர்களின் தோல் மாஸ்ட் கலங்களில் இந்த வாங்கி கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஊசி ஏற்ற முன் "எனக்கு அடிக்கடி தடிக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போத்தலின் வேகத்தைக் குறைப்பதற்கு எங்களுக்கு ஒரு செலவும் இல்லை.

அடுத்த தரம்

எழுதியதைக் கொண்டு போனால் டொக்டர் பார்க்கக்கூடியது இதுதான். பொட்டு வழி போலத் தெரிந்தால், அந்த மருந்து உண்மையில் தேவையென்றால், மெதுவாக ஓட்டலாம், நன்றாக ஐதாக்கலாம், முன்னால் பிரிட்டோன் கொடுக்கலாம், அல்லது குளிசைக்கு மாற்றலாம்; சிப்ரோ குளிசையாகப் போனால் இரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். படலை வழி போலத் தெரிந்தால் மெதுவாக ஓட்டுவது பாதுகாப்பே அல்ல, ஒரு துளியே போதும். அந்த மருந்தும் சில வேளை அதன் இனமும் வேண்டாம் என்பார்கள், அல்லது அதற்கான இடத்துக்கு அனுப்பிச் சோதிப்பார்கள். வேகமாக ஓடியதால் வந்தது என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு "மெதுவாகப் போடுங்க, ஒண்டும் செய்யாது" என்று சொல்லாதீர்கள். வேகமாக ஓடியபோது வந்ததெல்லாம் வேகத்தால் வந்ததென்று இல்லை, படலை நாயும் அந்த நேரமே பாய்ந்திருக்கலாம். நடந்ததைச் சொல்லுங்கள், பெயரை அவர்கள் வைக்கட்டும்.

அந்த அம்மாவுக்கு அன்று சேலைன் ஏற்றினோம். டொக்டர் பிள்ளை கட்டிலோடு நின்று பார்த்தது. இரண்டு போத்தல் போனது, ஒரு தடிப்பும் இல்லை. மகள் மறுநாள் வீட்டிலிருந்து பழைய டயக்னோஸிஸ் காட்டைத் தேடிக் கொண்டு வந்தார், பிரஷர், ஊசி விபரமெல்லாம் அதில் இருந்தது. மட்டையில் இருந்ததை டொக்டர் ஒரு கோட்டால் வெட்டி, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார். கிறுக்கி மறைக்கவில்லை, பழையதும் தெரிய வேண்டும். கீழே எழுதியது இவ்வளவு:

"சிப்ரோஃப்ளொக்ஸசின் 200 மி.கி., நாளத்தில். 60 நிமிடத்துக்கு ஓட வேண்டிய 100 மி.லீ. சுமார் 10 நிமிடத்தில் ஓடியது. 10 நிமிடத்துக்குள் கழுத்து, நெஞ்சு சிவப்பு, உள்ளங்கை கடி, ஓங்காளம். தடிப்பு, வீக்கம், இழுப்பு இல்லை. பிரஷர் 110/70. நிறுத்தி பிரிட்டோன். அட்ரினலின் தேவைப்படவில்லை. 1 மணிநேரத்தில் சுகம். முன்பு இதே மருந்தைக் குளிசையாக எடுத்துள்ளார், பிரச்சினை இல்லை. மீண்டும் தேவைப்பட்டால் கேட்டு முடிவு செய்யவும். சேலைனுக்கு ஒவ்வாமை இல்லை."

மகள் அதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். கொப்பி மழையில் நனையுமே என்றார்.